அரைப்பேர் அக்காவின் கட்டைவிரல்

நோர்வூட் கடைத்தெருவில் பேக்கரிக்குப் பின்னால் இருந்த அந்த அறையை அக்கா வாடகைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம் அதன் ஒரு பக்கச் சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பாண் சுடுகிற பெரிய அடுப்பு, போறணை. விடியற்காலையில் பாண் வெந்து முடிந்த பிறகும் மத்தியானம்வரை சுவரில் சூடு தங்கியிருக்கும். மழையில் நனைந்து விறைத்துப்போய் வருகிற பெண்களை முதலில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார வைப்பார்.

"கொஞ்ச நேரம் வேகுங்க. பச்சையா வந்து படுத்தா நான் எங்க அமுக்குறது?"

எண்ணெய் போட்டு நீவுகிற மற்ற வேலையை அவருடைய வலது கட்டைவிரல் பார்த்துக்கொண்டது. அந்த விரலை நம்பித்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. எங்களில் பலருடைய இடுப்பும் தோளும் முழங்காலும்கூட அதை நம்பித்தான் இருந்தன. அது ஒரு மாரிக்காலத்தில் சண்டித்தனம் பண்ணியதையும், அப்போது அவர் எங்களிடம் மாட்டிக்கொண்டு பட்ட பாட்டையும் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

பெயரை எழுதப் போவதில்லை. நான் இப்படி நடந்ததையெல்லாம் எழுதி வைக்கிறவள் என்று அவருக்குத் தெரியும். "எழுதுங்க டீச்சர், ஆனா எம் பேர மட்டும் போட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு, "அப்புறம் கண்டாக்கு ஐயா பாத்துட்டு, பேரு விழுந்திருக்கே, மலைக்கு வான்னு கூப்புடுவாரு" என்று சிரித்தார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்களுக்குப் பேர் என்றால், கண்டாக்கு, அதாவது தோட்ட மேற்பார்வையாளர், பதிகிற ஒரு நாள் வேலை. சொன்ன அளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். அவர் அந்தக் கணக்கைத் தூக்கி மனித உடம்பின் மேல் வைத்துவிட்டார். எண்ணெய் போட்டு நீவுவது அவருடைய பாதி. வீட்டில் போய்ச் செய்ய வேண்டிய பயிற்சி நம்முடைய பாதி. பயிற்சி செய்யாமல் வந்து குப்புறப் படுக்கிறவளுக்கு, முதுகில் கை வைத்த உடனேயே தீர்ப்பு வந்துவிடும்.

"ஒனக்கு இன்னைக்கு அரப்பேரு."

இதனால்தான் ஊரில் அவருக்கு அரைப்பேர் அக்கா என்று பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த புவியியல் டீச்சர் ஒருவர் கழுத்து வலியோடு முதல் தடவை வந்து, இந்தத் தீர்ப்பைக் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ர பேரை ஏனக்கா பாதியாக்கிறியள்? முழுசாச் சொல்லித்தானே பதிஞ்சனான்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் பேக்கரிக்காரர் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அதன் பிறகு அந்த டீச்சர் ஒரு நாளும் பயிற்சியைத் தவறவிடவில்லை. இரண்டே வாரத்தில் முழுப்பேர் வாங்கிவிட்டு, அதைத் தொலைபேசியில் தன் அம்மாவிடம் சொன்னதையும் நாங்கள் கேட்டோம்.

இந்தப் பாதிக்குப் பாதி அக்காவுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். கல்யாணமாகி, கணவர் தவறிப்போய், மகளைத் தன் தமக்கையிடம் விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்திருக்கிறார். அந்த வீட்டுப் பெரியம்மா விழுந்து இடுப்பு உடைந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தவர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிங்கள அம்மா எண்ணெய் பிடிக்க வருவார். இடைப்பட்ட நாட்களில் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ மிஸ் வருவார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் இரண்டு பேருக்கும் சண்டை.

"எண்ண போடுற அம்மா சொல்லும், அந்தப் புள்ள கெழவிய ஒடிச்சுப்புடும்னு. அந்த மிஸ் சொல்லும், எண்ணயெல்லாம் சும்மா, தாளிச்சுக் கொட்டுனாலும் நடக்க மாட்டாங்கன்னு. நான் நடுவுல நின்னு ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊத்துவேன். ஒரு தடவ மழையில அந்த எண்ண அம்மா நாலஞ்சு நாளு வரல. மிஸ் வந்து கால மடக்கச் சொன்னா பெரியம்மா கத்துறாங்க. இன்னொரு தடவ மிஸ் லீவு. எண்ண போட்டு சொகமாத் தூங்குறாங்க, ஆனா எந்திரிச்சா காலு ஊனல. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. இவங்க ரெண்டு பேரும் ஆளுக்கு அரப்பேரு."

இரண்டு பேரிடமும் பார்த்துப் பழகிய இவர் கை வைக்க, எழுந்து வாக்கரைப் பிடித்து நடந்த பெரியம்மா, பிறகு எங்கே போனாலும் இவரையும் கூட்டிக்கொண்டு போனாராம். அவர் காலமான பிறகுதான் அக்கா ஊருக்குத் திரும்பினார். வந்தது எந்த வருடம் என்பதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இன்னும் வழக்கு இருக்கிறது. கொரோனா வருடம் என்பது அவர் கட்சி. அப்படியிருக்க முடியாது. சமையல் எரிவாயுவுக்கும் டீசலுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. முதல் தடவை பஸ் இல்லாமல் தோட்டத்திலிருந்து நோர்வூட்டுக்கு நடந்தே போய்த்தான் நான் அவரைப் பார்த்தேன். நடந்த கால் மறக்காது.

நான் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவள். அம்மாமார் மலைக்குப் போகும்போது விட்டுப்போகிற கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம். இப்போது பலகையில் வேறு நீளமான பெயர் எழுதியிருக்கிறது, ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனி மழையில் ஒரு காலை, இடது இடுப்பில் ஒரு குழந்தையோடு வாசற்படியில் வழுக்கினேன். வலது கை எட்டிப் படிக்கம்பியைப் பிடித்தது. குழந்தை கையிலிருந்த பிஸ்கட்டைக்கூட விடவில்லை. என் தோள்தான் விட்டுவிட்டது.

அக்கா என்னைத் தொடவே இல்லை. கையை இப்படித் தூக்குங்க, அப்படித் திருப்புங்க என்று பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போயி படம் புடிச்சுட்டு வாங்க. எலும்பு சரியா இருக்குன்னு டொக்டரு சொன்னாத்தான் நான் கை வைப்பேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எலும்பு சரியாக இருந்தது. வீக்கம் வற்றியதும் அசைக்கச் சொல்லி டாக்டர் சொன்னார். நான் அசைக்கவில்லை. வலிக்கு மாத்திரை இருந்தது, கையைத் தொங்கவிட ஒரு துண்டு இருந்தது, போதும் என்று இருந்துவிட்டேன். ஆவணி வந்தபோது கை மார்புக்கு மேலே போகவில்லை. சேலைத் தொட்டிலில் ஒரு குழந்தையைத் தூக்கிப் போட முடியாமல், ஐந்து வயதுப் பெண் ஒருத்தி "நான் போடட்டா டீச்சர்" என்று கேட்ட அன்றுதான் மறுபடி நோர்வூட்டுக்கு நடந்தேன்.

அக்காவின் அறையில் மூன்று தட்டு வைத்த ஒரு பலகை அலமாரி உண்டு. வந்த எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றுவார். ஆனால் கையில் கொடுக்க மாட்டார். தோள் வலிக்காரர்களின் கோப்பை அலமாரியில் ஒரு தட்டில் இருக்கும். எந்தத் தட்டு என்பதை அவர் முடிவு செய்வார். முதல் நாள் என் கோப்பை கீழ்த்தட்டில். நீவி முடித்த கையால்தான் எடுக்க வேண்டும். கையை மாற்றினால் கோப்பை போய்விடும்.

பயிற்சிகளுக்கு அவர் வைத்த பெயர்களும் நம் வேலைகள்தான். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது வெறும்வாளி. துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து மேலும் கீழும் இழுப்பது முதுகு தேய்ப்பு. விரல்களை எறும்பு மாதிரிச் சுவரில் ஏற்றிக்கொண்டே போவது மலையேற்றம். எண்ணெய்க் கையோடு ஏறியதால் எங்கள் வீட்டுச் சுவரில் என் விரல் தடங்கள் வரி வரியாக விழுந்தன. இன்று இதுவரை, நேற்று அதுவரை என்று நானே நின்று ரசிப்பேன். தீபாவளிக்கு முதல் வாரம் பிள்ளைக்காம்பராவிலிருந்து வந்து பார்த்தால், வீட்டுக்காரர் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, பெருமையோடு வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் அழாத குறையாக அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"அதுக்கென்ன? கீழயிருந்து மறுபடி ஏறுங்க. வெள்ளச் சுவருல இன்னும் நல்லாத் தெரியும்" என்றார்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் என் கோப்பை மேல்தட்டுக்குப் போனது. அன்று சாயங்காலம் தொட்டிலில் குழந்தையைத் தூக்கிப் போட்டேன். அது உடனே எழுந்துகொண்டு அழுதது. அதனால் என்ன.

ஆண்களை அவர் தொடுவதில்லை. ஆனால் ஹட்டன்-மஸ்கெலியா பஸ் ஓட்டுகிற ஒருவருக்கு முழங்காலில் பழைய அடி. பிரேக் மிதிக்க மிதிக்க வலி. அவருடைய மனைவிக்குத் தொடையிலும் கெண்டைக்காலிலும் எங்கே எப்படி நீவ வேண்டும் என்று உள்ளே சொல்லிக்கொடுத்துவிட்டு, அவரை வெளியே ரோட்டோரத்தில் நிறுத்தி, ரோட்டைப் பார்த்த பக்க ஜன்னல் வழியாகப் பயிற்சி சொல்லுவார். மஸ்கெலியா பஸ் ஜன்னல்களிலிருந்து ஜனங்கள் பார்க்க, அவர் பேக்கரிச் சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்கார்ந்திருப்பார்.

"அக்கா, நம்ம பஸ்ஸே வருது. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். பிரேக்கு புடிக்கிற காலுன்னு தெரிஞ்சா அவங்களும் கும்புட்டுக்குவாங்க. எறங்குங்க, இன்னும் கொஞ்சம்."

சாக்குச் சொன்னால் அக்காவிடம் எடுபடாது. மழை என்றால், மழையில் மலையில் வேலை நிற்குமா என்பார். விருந்தாளி என்றால், அவங்களையும் சேர்த்துச் செய்ய வைக்கவேண்டியதுதானே என்பார். இப்படி இருந்தவரைத்தான் மார்கழியில் செல்வமேரி பிடித்தாள்.

செல்வமேரி எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். கூடை இழுத்து இழுத்து இடுப்பில் தீராத வலி. வாயில் பூட்டுக் கிடையாது. குப்புறப் படுத்திருந்தவள் திடீரென்று தலையைத் திருப்பி, "என்னக்கா, கொஞ்ச நாளா முழங்கைய வச்சே அமுக்குறீங்க? நான் என்ன ரொட்டி மாவா?" என்றாள்.

"முழங்கைல அழுத்தம் நல்லா விழும்டி."

சுவரில் சாய்ந்து வெந்துகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. அக்கா தேத்தண்ணியைக் கோப்பையில் குடிப்பதை விட்டுவிட்டு டம்ளரில், அதுவும் இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். குளிருக்கு இதமாக இருக்கிறது என்றார். போன வாரம் எண்ணெய்ப் போத்தல் மூடியை என்னிடம் நீட்டி, "கை வழுக்குது, தொறங்க டீச்சர்" என்றார். நான் எழுந்துபோய் அவர் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் லேசாக அழுத்தினேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் எண்ணெய்க் கிண்ணத்தை இன்னொரு கையில் பிடித்தபடியே வலது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"எவ்வளவு நாளா?"

"கொழும்புலயே கொஞ்சம் இருந்துச்சு. அந்த பிசியோ மிஸ் பாத்துட்டு, கொஞ்ச நாளைக்கு கட்டவெரலக் கொண்டு அமுக்காதீங்க, இந்தப் பயிற்சிய செய்ங்கன்னு காட்டிக் குடுத்திச்சு."

"செஞ்சீங்களா?"

"எங்க டீச்சர் நேரம் இருக்கு."

 கீழே பாயிலிருந்து செல்வமேரியின் குரல் வந்தது.

"அரப்பேரு."

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். கிண்ணத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "தைப்பொங்கலோட ரூம விட்டுறலாம்னு இருக்கேன். பெரியம்மா மக வீட்டுல சமைக்கக் கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க. தேங்கா திருவ மிசினு இருக்காம்" என்றார். கட்டைவிரல் போனால் அறை போகும் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். அவரே சொல்லிக் கேட்டபோது, என் தோள்கூட ஒரு தரம் வலித்தது போலிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை நானும் செல்வமேரியும் அவரை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். அழைத்துப் போனோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பஸ்ஸில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, நடுவில் வைத்துக் கொண்டுபோனோம். விரலடி மூட்டு தேய்ந்து வீங்கியிருக்கிறது என்றார்கள். பட்டி ஒன்று கட்டி, சில வாரம் அந்த விரலால் யாரையும் அழுத்தக்கூடாது, வலி அடங்க அடங்கப் பயிற்சி செய்ய வேண்டும் என்றார்கள். நான் நூலகத்தில் தேடிப் படித்துவிட்டுப் போய், கட்டைவிரலின் அடிமூட்டு குதிரைச் சேணம் மாதிரி இருக்கும், அதனால்தான் எல்லாப் பக்கமும் சுழல்கிறது என்று அவருக்கு விளக்கினேன்.

"புஸ்தகத்துல போட்டிருக்கா? அப்ப அந்தப் புஸ்தகத்தையே வச்சுக் கட்டுங்க."

அறையை மூட நாங்கள் விடவில்லை. யோசனை செல்வமேரியுடையது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும், நாம் ஒருத்திக்கு ஒருத்தி நீவிக்கொள்வோம் என்றாள். அந்த வாரங்களில் அந்த அறையில் இருந்த கூச்சலை நோர்வூட் அதற்கு முன்பும் பின்பும் கேட்டிருக்காது. புவியியல் டீச்சரின் கழுத்தைச் செல்வமேரி பிடிப்பாள். செல்வமேரியின் இடுப்பை டிரைவரின் மனைவி பிடிப்பாள். அக்கா கைகளைப் பின்னால் கோர்த்துக்கொண்டு, மலையில் கங்காணி நிற்கிற மாதிரி நின்று அதட்டுவார்.

"முதுகெலும்பு மேல வைக்காத, பக்கத்துல வையி. ஏய், அவ கழுத்து, அது கொழுந்து இல்ல, கிள்ளாத."

"ஐயோ, இவா என்ர தலையை எடுத்துக் கூடையில போடப் போறா" என்று டீச்சர் கத்துவார்.

அக்காவின் கை என் பொறுப்பு. சூடான எண்ணெயை அவர் உள்ளங்கையில் விட்டு, கட்டைவிரலின் மேட்டுச் சதையை வட்டமாக நீவுவேன். வருடக்கணக்காகக் குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்த கை எனக்கு. "புள்ளைக்குத் தேய்க்கிற மாதிரி தேய்க்காதீங்க, தூக்கம் வருது" என்பார். அதன் பிறகு அவருடைய பாதி. கட்டைவிரல் நுனியால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட வேண்டும். விரல்களில் ரப்பர் வளையம் மாட்டி மெல்ல விரிக்க வேண்டும். ரொட்டி மாவு உருண்டையை அமுக்க வேண்டும். இதையெல்லாம் காலையும் மாலையும் வீட்டில் செய்கிறேன் என்றார். நான் நம்பினேன். இரண்டு நாள்.

மூன்றாவது நாள் அவருக்கு நான் தேத்தண்ணி ஊற்றினேன். டம்ளரில் இல்லை, பிடி வைத்த கோப்பையில். கொண்டுபோய் அலமாரியின் நடுத்தட்டில் வைத்தேன்.

"எடுத்துக் குடிங்க அக்கா. வலது கையால."

"சூடு ஆறட்டும்."

"ஆறிருச்சு."

"இனிப்புப் போட்டிருப்பீங்க. எனக்கு வேணாம்."

"போடல."

பாயிலிருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாவு உருண்டை எங்கே என்று கேட்டேன். நேற்று ராத்திரியே சுட்டுச் சாப்பிட்டுவிட்டாராம்.  டிரைவரின் மனைவி, புவியியல் டீச்சர், செல்வமேரி மூவரும் சேர்ந்து கோயில் பஜனை மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள். அரைப்பேர் என்ற சொல்லை யாழ்ப்பாணத் தமிழிலும் அன்று கேட்டேன்.

அதற்குப் பிறகு அவர் ஒழுங்காகச் செய்தார். கோபத்தில்தான் செய்தார். ரப்பர் வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு எங்களை முறைத்தபடி விரிப்பார். பொங்கல் வந்தது. பொங்கல் பானையை இறக்க நான்தான் போனேன். அறையை விடுகிற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. மாசியில் பட்டியைக் கழற்றச் சொன்னார்கள். இனிமேல் எல்லாவற்றுக்கும் கட்டைவிரலையே நீட்டாதீர்கள், முழங்கையும் உள்ளங்கையும் எதற்கு இருக்கின்றன என்றும் சொன்னார்கள். "நான் அப்பவே முழங்கைனு சொன்னேன், கேட்டீங்களா" என்று எங்களைத் திட்டினார்.

இப்போது அவர் நோர்வூட்டில் இல்லை. மகளுக்குக் குழந்தை பிறந்து, அதைப் பார்த்துக்கொள்ள வத்தளைக்குப் போய்விட்டார். அங்கேயும் பக்கத்து வீடுகளிலெல்லாம் ஆட்கள் சுவர் ஏறுகிறார்களாம். பேக்கரி அறையில் இப்போது மா மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். நாங்கள் நான்கு பேரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வமேரி வீட்டில் கூடுகிறோம். அடுப்புப் பக்கச் சுவரில் சாய்ந்து வேகுகிறோம். வத்தளையிலிருந்து போனில் அதட்டல் வரும்.

அந்தப் பங்குனியில் ஒரு நாள் மட்டும் சொல்லி முடிக்கிறேன். செவ்வாய்க்கிழமை. காமன் கூத்துக்கு எங்கோ தப்பு மேளம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது, அதனால் நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான் மேல்தட்டிலிருந்து என் கோப்பையை எடுத்து, முதல் வாய் குடிக்கப் போனேன். பின்னால் அவர் வந்து நின்றது தெரியவில்லை. தோள்பட்டை எலும்புக்குக் கீழே, பழைய இடத்தில், அந்தக் கட்டைவிரல் இறங்கியது. அன்று ஒரு நாள் மட்டும், கிளினிக்கில் சொன்னதை மீறி. எனக்கு மூச்சு நின்று வந்தது. தேத்தண்ணி பாதி சேலையில்.

"இந்த வெரலுக்கு எவ்வளவு போடலாம் டீச்சர்?"

வலியில் கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. "முழுப்பேரு அக்கா" என்றேன்.

"சரியாக் கேக்கல" என்று சொல்லி, அவர் இன்னொரு தரம் அழுத்தினார்.